ஜாடியில் கொதிக்கும் வாயு: பழைய காரில் ஹைட்ரஜன் கருவியை எப்படிச் சோதிப்பது?

பெட்ரோல் லிட்டருக்கு நூறு ரூபாயைத் தொட்டபின் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு மைலேஜைத் தவிர வேறு பேச்சு இல்லை. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை எந்தப் பட்டறையில் சற்று நேரம் நின்றாலும் அந்தப் பேச்சு கடைசியில் ஒரு கருவியில் வந்து முடியக்கூடும். எவர்சில்வர் தகடுகளை இடைவெளிவிட்டு அடுக்கி, ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள்ளோ தடித்த ஜாடிக்குள்ளோ பொருத்தி, தண்ணீர் ஊற்றி, பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கிறார்கள். குமிழ் குமிழாக வாயு கிளம்புகிறது. அதை ரப்பர் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குள் விட்டால் பெட்ரோல் கால் பங்கு மிச்சமாகும் என்கிறார் ஒருவர். பாதியே மிச்சமாகும் என்கிறார் இன்னொருவர்.

இதைக் கேட்டவுடன் கைதட்டுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை, ஏளனம் செய்து ஒதுக்குவதிலும் உடன்பாடு இல்லை. ராமேசுவரத்துக்கு யாத்திரிகர்களை ஏற்றிப் போகும் வாடகைக் கார்க்காரருக்கும், விடிவதற்குள் மீன் பெட்டிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வண்டிக்காரருக்கும் எரிபொருள்தான் பெரிய செலவு. அவர் தன் கையால் தகடு வெட்டி ஒரு கருவி செய்து பார்க்கிறார் என்றால் அந்த உழைப்புக்கு மரியாதையான பதில் ஒன்று உண்டு. கணக்குப் போட்டுக் காட்டுவதும், சரியாகச் சோதிக்கும் வழியைச் சொல்வதும்தான் அந்தப் பதில்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வாயு உண்மையானது. 1800-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் வில்லியம் நிக்கல்சனும் அந்தோனி கார்லைலும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்துக் காட்டிவிட்டார்கள். ஒரு தகட்டில் ஹைட்ரஜனும் மறு தகட்டில் ஆக்சிஜனும் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் வெளிவருகின்றன. இரண்டையும் பிரிக்காமல் கலவையாகவே எடுத்தால் அதற்கு 'பிரவுன் வாயு' என்றும் 'எச்.எச்.ஓ.' என்றும் பெயர் சொல்கிறார்கள். முதல் பெயர், பல்கேரியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய யூல் பிரவுன் என்பவரால் வந்தது. பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். தீக்குச்சி காட்டினால் வெடிக்கும். அந்த வெடியைப் பார்த்தவர்களுக்கு இதில் பெரும் சக்தி இருக்கிறது என்ற நம்பிக்கை பிறந்துவிடுகிறது. இயல்புதான். ஆனால் வெடிச்சத்தம் வேகத்தைக் காட்டுகிறதே தவிர அளவைக் காட்டுவதில்லை. அளவுக்குக் கணக்கு வேண்டும்.

சாதாரணமாகப் பட்டறைகளில் செய்யப்படும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். தகடுகளுக்கு இடையே ஆறு அறைகள், ஒன்றன்பின் ஒன்றாக மின்சாரம் பாயும் வரிசை இணைப்பு, 13.8 வோல்ட், 20 ஆம்பியர். இது 276 வாட். மின்னாற்பகுப்பு பற்றி ஃபாரடே கண்ட விதி, இத்தனை மின்னோட்டத்துக்கு இத்தனை வாயு என்று துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. அதை யாராலும் ஏமாற்ற முடியாது. ஒரு மணி நேரத்தில் இந்தக் கருவி தரக்கூடிய ஹைட்ரஜன் நாலரை கிராம். நம் ஊர் வெப்பத்தில் ஆக்சிஜனையும் சேர்த்து நிமிடத்துக்குச் சுமார் 1.4 லிட்டர் கலவை. ஜாடியில் பார்க்கும்போது மலைப்பாக இருக்கும். அந்த நாலரை கிராம் ஹைட்ரஜன் எரிந்தால் கிடைப்பது சுமார் 540 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32,000 கிலோஜூல் இருக்கிறது. ஆகவே மணிக்கணக்கில் குமிழ்விட்டுக்கொண்டிருக்கும் அந்த ஜாடி தருவது, மணிக்கு 17 மில்லி பெட்ரோலுக்குச் சமமான வெப்பம்.

இனிச் செலவுப் பக்கம். மின்சாரம் பேட்டரியிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். ஓடும் காரில் அது, சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. ஆல்டர்னேட்டரைப் பெல்ட் சுற்றுகிறது, பெல்ட்டை எஞ்சின் சுற்றுகிறது, எஞ்சினைப் பெட்ரோல் சுற்றுகிறது. ஒரு மணி நேரத்துக்கு அந்த 276 வாட் கொடுக்க 994 கிலோஜூல் மின்சாரம் வேண்டும். பழைய ஆல்டர்னேட்டர்கள் வாங்கும் உழைப்பில் பாதிக்குச் சற்று மேல்தான் மின்சாரமாக மாற்றும். எஞ்சின், தான் குடிக்கும் பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கை உழைப்பாக மாற்றுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியும் சுமார் 170 மில்லி பெட்ரோல் போகிறது. 170 கொடுத்து 17 வாங்குகிறோம்.

நல்ல நிலையில் உள்ள மாருதி 800 ஒன்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தருவதாகக் கொண்டால், அது மணிக்கு 2.8 லிட்டர் குடிக்கிறது. இந்தக் கருவியைப் போட்டபின் அந்த 18, 17 ஆகக் குறைய வேண்டும். கருவியைப் பெரிதாக்கினால், தகடுகளைக் கூட்டினால், மின்சாரத்தை ஏற்றினால், நட்டமும் கூடவே பெருகும்.

இந்தக் கணக்கைச் சொன்னதும் கருவி செய்பவர்கள் வேறொரு வாதத்துக்குப் போவார்கள். ஹைட்ரஜனின் வெப்பத்துக்காக இதைப் போடவில்லை, அது பெட்ரோலை முழுமையாக எரியவைக்கும், அதில்தான் லாபம் என்பார்கள். இது வெறும் கற்பனை அன்று. ஹைட்ரஜன் சுடர் பெட்ரோல் சுடரைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவும், பெட்ரோல் கலவையைப் பற்றவைக்கத் தேவைப்படும் பொறியில் பத்தில் ஒரு பங்கே அதற்குப் போதும். 1977-இல் நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்தில் பெட்ரோலோடு ஹைட்ரஜனைக் கலந்து ஒரு கார் எஞ்சினை ஓட்டிப் பார்த்து அறிக்கையே வெளியிட்டார்கள். ஹைட்ரஜன் சேர்த்தால் காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் உள்ள மெலிந்த கலவையிலும் எஞ்சின் தடுமாறாமல் ஓடும் என்பது அதில் தெரிந்தது. ஆனால் அங்கே ஹைட்ரஜன் சிலிண்டரிலிருந்தும், மெத்தனாலைச் சிதைக்கும் உலையிலிருந்தும் வந்தது. காரின் சொந்த ஆல்டர்னேட்டரிலிருந்து வரவில்லை. அளவும் எரிபொருளில் குறிப்பிடத்தக்க பங்காக இருந்தது.

நம் ஜாடியின் பங்கு எவ்வளவு? 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சிறிய எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 430 லிட்டர் காற்றை இழுக்கிறது. அதில் நம் ஹைட்ரஜன் ஒரு லிட்டர்கூட இல்லை. சதவீதத்தில் 0.2. காற்றில் ஹைட்ரஜன் மட்டும் கலந்திருந்தால், பொறி பட்டுத் தீப்பிடிக்கவே 4 சதவீதம் வேண்டும். சுடரின் வேகத்தை மாற்றும் அளவுக்கு அங்கே எதுவும் இல்லை. சரியாக ட்யூன் செய்த எஞ்சினில் பெட்ரோலின் மிகச் சிறிய பங்கே எரியாமல் வெளியேறுகிறது. ஆகவே முழுமையாக எரியவைத்து மீட்பதற்கும் அதிகம் இல்லை. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பழைய கார்புரேட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றிக் கரும்புகை விடுகிறது என்றால் அங்கே குறைவது ஆக்சிஜன். ஜாடி தரும் ஆக்சிஜன் அதே ஜாடி தரும் ஹைட்ரஜனை எரிக்கவே சரியாகப் போய்விடும், பெட்ரோலுக்கு ஒரு துளியும் மிஞ்சாது. கார்புரேட்டரின் கலவைத் திருகைச் சரிசெய்தால் போதும் என்ற இடத்தில் வேதியியல் கூடமே கட்டுகிறோம்.

கூரையில் சோலார் பலகை வைத்து மின்சாரத்தை இலவசமாக்கினால் என்ன என்று ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கும் மாவட்டத்தில் அப்படித்தான் யோசனை போகவேண்டும். ஆனால் அந்த 276 வாட்டைத் தண்ணீரைப் பிரிக்கச் செலவிட்டால் மணிக்கு 17 மில்லிதான் மிச்சம். காரின் விளக்கு, விசிறி, இக்னிஷன் ஆகியவற்றுக்கே கொடுத்து ஆல்டர்னேட்டரின் பாரத்தைக் குறைத்தால், அவை எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு வாட்டுக்கும் அதைப்போலப் பத்து மடங்கு மிச்சமாகும். வெயிலிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் பெருந்தொழிலை நான் குறைத்துச் சொல்லவில்லை. உரத்துக்கும் எஃகுக்கும் அது நாளை தேவைப்படும். ஓடும் காரின் பானெட்டுக்குள் அதைச் செய்வதுதான் பொருந்தாத வேலை.

1996-இல் தமிழ்நாடு முழுக்க, ராமர் பிள்ளை கண்டுபிடித்ததாகச் சொன்ன மூலிகை பெட்ரோல் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. அதே ஆண்டில், தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொன்ன ஸ்டான்லி மேயர் மோசடி செய்தார் என்று அமெரிக்காவின் ஒஹையோ நீதிமன்றம் தீர்ப்பளித்து, முதலீட்டாளர்களின் பணத்தைத் திருப்பித்தரச் சொன்னது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட சிக்கனக் கருவிகளை ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தியது என்று அவற்றில் ஒன்றும் தேறவில்லை. இவ்வளவு இருந்தும் "என் வண்டியில் கூடியிருக்கிறதே" என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. கூடியிருக்கலாம். எதனால் கூடியது என்பதுதான் கேள்வி.

கருவியைப் பொருத்துகிற அன்றே ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுகிறார்கள், பிளக் துடைக்கிறார்கள், கலவைத் திருகை இறுக்குகிறார்கள், டயருக்குக் காற்றும் அடித்துவிடுகிறார்கள். மைலேஜ் மிக மோசமாக விழுந்த மாதத்தில்தான் ஒருவர் கருவியைத் தேடிப் போகிறார், அடுத்த மாதம் அது தானாகவே சற்றுத் தேறும். கருவி இருக்கிறது என்று தெரிந்த கால் ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிக்கிறது. விசைப்படகுகளிலும் இதையே பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் எஞ்சினை இறக்கி முழு வேலை பார்க்கிறார்கள். அப்போது ஏதேனும் ஒரு கருவியையும் சேர்த்துப் பொருத்தினால், தடை முடிந்து கடலுக்குப் போனபின் மிச்சமாகும் டீசலுக்கு எல்லாப் புகழும் கருவிக்கே போய்ச்சேரும்.

அளவெடுப்பதில் உள்ள ஓட்டையும் பெரியது. பெட்ரோல் பங்க்கில் குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பி, ஓட்டிவிட்டு, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்ப்பதுதான் வழக்கம். வண்டி நிற்கும் சாய்வு, குழாய் செருகிய விதம், நுரை என்று அரை லிட்டர் வித்தியாசம் எளிதில் வந்துவிடும். மண்டபம் போய்வர நான்கு லிட்டர் செலவாகும் காரில் அரை லிட்டர் என்பது 12 சதவீதத்துக்கும் மேல். நாம் தேடும் மாற்றமோ, 18-க்கும் 17-க்கும் இடையே உள்ள 5 சதவீதம்.

இவை எல்லா ஊருக்கும் பொது. ராமநாதபுரம் கடற்கரையில் இன்னொன்று இருக்கிறது. காற்று. ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி வழியாக மண்டபம் வரை சாலை மேடுபள்ளம் இல்லாமல் கிடக்கிறது. மைலேஜ் சோதனைக்கு இதைவிட நல்ல சாலை மலைப்பக்கத்து ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காது. ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து தள்ளும். சாலை ஏறக்குறைய கிழக்கே போவதால் மண்டபம் போகும்போது முதுகில் காற்று, திரும்பும்போது முகத்தில் காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 50 கிலோமீட்டரில் ஓடும் காருக்கு 20 கிலோமீட்டர் காற்று பின்னால் இருந்தால் அது 30-ஐத்தான் எதிர்கொள்கிறது, முன்னால் இருந்தால் 70-ஐ. இரண்டு எதிர்ப்புக்கும் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். "மண்டபம் போகும்போது 22 கொடுத்தது" என்று ஒருவர் வியந்தால் அந்த வியப்பு காற்றுக்கு உரியது.

போக வர இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. 30-இன் வர்க்கம் 900, 70-இன் வர்க்கம் 4,900, சராசரி 2,900. காற்றே இல்லாத நாளில் 50-இன் வர்க்கம் 2,500. காற்று வீசும் நாளில் போய்வந்தாலும் காற்றின் எதிர்ப்பு 16 சதவீதம் கூடுதல். வண்டி சந்திக்கும் மொத்த எதிர்ப்பில் பாதி காற்று என்று வைத்தால்கூட 8 சதவீதம். கருவியின் விளைவைவிடப் பெரியது. ஆடியில் கருவி இல்லாமல் ஓட்டி, காற்று அடங்கிய புரட்டாசியில் கருவியோடு ஓட்டினால் எந்த ஜாடியும் வெற்றி பெறும்.

ஆகவே சோதனையை இப்படி அமைக்கச் சொல்வேன். கடற்காற்று எழுவதற்கு முன், விடியற்காலையில் ஓட்டுங்கள். டயர் சூடாவதற்கு முன் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். எஞ்சின் சூடானபின் கணக்கைத் தொடங்குங்கள். அதே பாரம், அதே வேகம், கண்ணாடிகள் ஏற்றியபடி, ஏசி இல்லாமல். எரிபொருளை லிட்டரில் அளக்காமல் எடையில் அளப்பது நல்லது. பெட்ரோல் பத்து டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் விரியும், எடையோ மாறாது. அனுபவமுள்ள மெக்கானிக்கைக் கொண்டு மூடியிட்ட சிறிய உலோகக் கேனிலிருந்து கார்புரேட்டருக்கு லைன் கொடுத்து, திரும்பும் லைன் இருந்தால் அதையும் அதே கேனில் சேர்த்து, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் கேனை நிறுத்துப் பார்க்கலாம். திறந்த வெளியில், நெருப்பு அண்டாமல்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கருவியை இரண்டு நிலையில் அல்லாமல் மூன்று நிலையில் ஓட்டுவது. ஒன்று, கருவி அணைந்திருக்க வேண்டும். இரண்டாவதில் கருவி இயங்கி வாயு எஞ்சினுக்குள் போக வேண்டும். மூன்றாவதில் கருவி இயங்கி, வாயு எஞ்சினுக்குப் போகாமல் வண்டிக்கு வெளியே திறந்த காற்றில் கலந்துவிட வேண்டும். மூன்றாவது நிலையை யாரும் செய்வதில்லை. ஆனால் அதுதான் மின்சாரத்துக்கான செலவையும் வாயுவின் பயனையும் தனித்தனியே பிரித்துக் காட்டும். எந்த நிலையில் வண்டி ஓடுகிறது என்பது ஓட்டுநருக்குத் தெரியக்கூடாது. கூட வருபவர் மூன்று சீட்டுகளைக் குலுக்கி ஒன்றை எடுத்து முடிவுசெய்து, வண்டி கிளம்புவதற்கு முன் இணைப்பை மாற்றிவிட்டுத் தன் தாளில் குறித்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு நிலையிலும் பல முறை போய்வர வேண்டும். கருவி அணைந்த ஓட்டங்களே தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதுதான் அளவுகோல். அந்த வேறுபாட்டுக்குள் அடங்கிவிடும் லாபம் எதையும் லாபம் என்று எழுதக்கூடாது.

ஆபத்தைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிலிண்டர் ஹைட்ரஜன் காற்றோடு கலந்தால்தான் எரியும். ஜாடியில் வருவதோ தனக்குத் தேவையான ஆக்சிஜனைச் சரியான அளவில் கலந்து வைத்திருக்கும் வாயு, ஒரு சிறு பொறி போதும். எஞ்சின் பின்னடித்தால் சுடர் குழாய் வழியே ஜாடிவரை ஓடிவரும். நடுவில், வாயு தண்ணீருக்குள் குமிழ்விட்டுக் கடந்து போகும் பப்ளரும் சுடர்த் தடுப்பானும் இல்லாமல் இயக்கவே கூடாது. கண்ணாடி ஜாடி அறவே கூடாது, வெடித்தால் ஒவ்வொரு சில்லும் கத்தி. தண்ணீர் சூடாகச் சூடாக மின்னோட்டம் தானாக ஏறும் என்பதால் ஃபியூஸ் கட்டாயம். எஞ்சின் நின்றவுடன் கருவியும் நிற்கும்படி ரிலே வேண்டும். வாடகைக் காரில் பயணிகளை வைத்துக்கொண்டு இந்தச் சோதனை செய்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். படகின் மூடிய எஞ்சின் அறையில் பொருத்துவது இன்னும் கொடிது. கசியும் ஹைட்ரஜன் மேல்தளத்தின் அடியில் தேங்கும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை.

"நம்மிடம் கடல் இருக்கிறது, தண்ணீருக்கு என்ன குறை" என்ற யோசனையும் இந்தக் கரையில் எழும். வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கும் மாவட்டத்தில் உப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் உப்புத் தண்ணீரில் மின்சாரம் விட்டால் ஆக்சிஜனுக்குப் பதில் குளோரின் கிளம்பும். நெஞ்சை அடைக்கும் நச்சு அது. எஞ்சினுக்குள் போனால் அமிலமாகிக் கார்புரேட்டரிலிருந்து சைலன்சர்வரை அரிக்கும். எவர்சில்வர் தகடும் தாங்காது, செம்பழுப்புச் சேறாகக் கரையும். அந்தச் சேற்றில் புற்றுநோய் உண்டாக்கும் குரோமிய வகை இருக்கலாம். அதைக் கையால் தொடவோ வாய்க்காலில் கொட்டவோ கூடாது. கிணற்றுத் தண்ணீரும் இங்கே உப்புக் கரித்து, தகட்டில் சுண்ணாம்பாகப் படியும். செய்தே ஆக வேண்டும் என்றால் டிஸ்டில்டு வாட்டரும் காஸ்டிக் பொட்டாஷும்தான். அந்தப் பொட்டாஷும் கண்ணில் தெறித்தால் பார்வையைப் பறிக்கும் பொருள், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணியாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு வாகனத்தில் தன்னிச்சையாக மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் பானெட்டுக்குள் இருக்கும் ஜாடியைத்தான் முதலில் கேட்கும்.

அப்படியானால் பழைய காரின் பெட்ரோல் எங்கேதான் போகிறது? இந்தக் கரையில் அதற்குப் பெரும்பாலும் உப்பிடமே பதில் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகங்கள் துருப்பிடிப்பதைச் சோதிக்க மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறது. உப்புக் காற்று அத்தனை கடுமையாக இரும்பைத் தின்னும் இடம் அது. அதே காற்று உங்கள் காரின் பிரேக்கிலும் வேலை செய்கிறது. பிஸ்டன் துருப்பிடித்துப் பின்வாங்க மறுத்தால் பிரேக் எந்நேரமும் சற்றுப் பிடித்தபடியே இருக்கும். பேட்டரி முனையிலும் எர்த் கம்பியிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து நிற்கும் அரிப்பு ஆல்டர்னேட்டருக்குக் கூடுதல் வேலை தருகிறது, பிளக்கின் பொறியையும் மங்கச் செய்கிறது. ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

மீதியை அதே மண்டபம் சாலை சொல்லும். காற்று இல்லாத ஒரு விடியலில், முன்னும் பின்னும் வண்டி வராத நேரான பகுதியில், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். சாவியை அணைக்காதீர்கள், பிரேக்கைத் தொடாதீர்கள். வேகம் 20-க்கு இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று கூட வருபவர் குறிக்கட்டும். திரும்பி வரும்போதும் அதே இடத்தில் செய்து சராசரி எடுங்கள். பிறகு பிரேக், பேரிங், டயர் மூன்றையும் சரிசெய்து மறுபடி ஓட்டுங்கள். வினாடிகள் கூடியிருந்தால் வண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று விட்டுவிட்டது என்று பொருள். அந்த மிச்சம் அடுத்த முறை பெட்ரோல் போடும்போது பில்லிலும் தெரியும்.